அடுத்தது எது? பூட்டில்லா வரிசை நடையும் தமிழ் வினையின் காலமும்



இலக்கணத்தையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டோர்க்குக் கணினியின் உள்ளறையில் என்ன வேலை என்று தலைப்பைக் கண்ட சிலர் கேட்டிருக்கக்கூடும். விடையை முன்னதாகவே கூறிவிடுகிறோம். கணினியின் மிக ஆழத்தில் நிகழும் ஒரு செயலைத் தமிழில் விளக்க முற்பட்டபோது, அதன் சிக்கல் முழுவதும் காலத்தைப் பற்றியது என்பது தெரிந்தது. எப்போது நீக்கியது, அப்போது யார் எங்கே நின்றிருந்தார், அவர் எப்போது முடிப்பார் என்பனவே அங்குள்ள கேள்விகள். இவற்றைப் பிழையின்றிச் சொல்லப் புதிய பெயர்ச்சொற்கள் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. நம் வினைச்சொற்கள் ஏற்கெனவே சுமந்து நிற்கும் காலவேறுபாடுகளே பெரும்பாலும் போதுமாயிருந்தன. கலைச்சொல்லாக்கம் என்றாலே பெயர் சூட்டுவது என்று எண்ணிப் பழகிய நமக்கு இது சிறிது புதுமை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுவோம். உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இயங்குவது லினக்ஸ் என்னும் கெர்னல். இயந்திரத்துக்கும் அதன் மேல் ஓடும் நிரல்களுக்கும் இடையே நின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளைத் தேடிக் கொடுத்து, இணையத் தொடர்புகளைக் கணக்கு வைக்கும் அடிப்படை நிரல் அது. தமிழ்க் கணிமை ஆர்வலர் சிலர் அதனைக் 'கருனி' என்கின்றனர். நல்ல சொல்தான். ஆயினும் இன்று பேசவிருக்கும் பொருளே புதிது. பெயரும் புதிதாக இருந்தால் கேட்போர்க்கு இரட்டைச் சுமை. ஆதலால் கெர்னல் என்றே வழங்குவோம். அவ்வாறே 'செயலி' என்ற சொல்லையும் தவிர்க்கிறோம். ஒரு காலத்தில் அது கணக்கிடும் சில்லைக் குறித்தது. இன்று பிள்ளைகள் கைப்பேசியில் பதிவிறக்கிக்கொள்வதைக் குறிக்கிறது. சில்லைப் புரோசசர் என்போம்.

கெர்னல் தன்னிடமுள்ள யாவற்றையும் வரிசைகளாகக் கோத்து வைத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு ஒரு வரிசை, திறந்த கோப்புகளுக்கு ஒன்று, இணையத் தொடர்புகளுக்கு ஒன்று என்று பல. வரிசையிலுள்ள ஒவ்வொரு பொருளும் தனக்கு அடுத்தது நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதற்கான ஒரு குறிப்பைத் தாங்கியிருக்கும். இதனைச் 'சுட்டு' என்போம். அ, இ, உ என்று நம் இலக்கணம் சொல்லும் சுட்டுக்கும் இதற்கும் வேலை ஒன்றே. ஒரு முனையில் தொடங்கி, சுட்டைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு பொருளாகப் பார்த்துச் செல்லும் உறுப்புக்கு ஆங்கிலத்தில் இட்டரேட்டர் என்று பெயர். நாம் அதனை 'நடப்பவர்' என்று உயர்திணையிலேயே அழைக்கப்போகிறோம். காரணம் போகப்போகத் தெரியும்.

ஒரே புரோசசர் இருந்த காலத்தில் இதில் பெரிய தொல்லை இல்லை. இன்று ஒரு கைப்பேசியிலேயே எட்டுப் புரோசசர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒன்று வரிசையில் நடந்துகொண்டிருக்கையில் மற்றொன்று அதே வரிசையிலிருந்து ஒரு பொருளை எடுத்துவிட்டு, அது இருந்த நினைவகத்தை வேறொரு வேலைக்குக் கொடுத்துவிடலாம். நடப்பவர் கால் வைக்கும் இடத்தில் முன்பிருந்த பொருள் இல்லை, வேறேதோ இருக்கிறது. கணினி நின்றுபோனால் நல்லது என்றே சொல்ல வேண்டும். நிற்காமல், பிறருடைய தரவை எடுத்துத் தன்னுடையதாக எண்ணித் தொடர்வதே கொடிது. பாதுகாப்பு ஓட்டைகள் பல இவ்வழியே பிறந்திருக்கின்றன.

எளிய மருந்து பூட்டு. வரிசைக்கு ஒரு பூட்டுப் போட்டு, நடப்பவர் அதைப் பிடித்திருக்கும் வரை மாற்றுபவர் காத்திருப்பது. நடப்பவர் பலர், மாற்றுபவர் சிலர் என்னும் இடங்களில் நடப்பவர் எல்லாரும் ஒருங்கே நுழையலாம் என்று விதியைத் தளர்த்துவதும் உண்டு. ஆனால் அங்கும் ஒரு மறைவிலை இருக்கிறது. எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒரு பொது எண்ணை ஒவ்வொருவரும் கூட்டிக் குறைக்க வேண்டும். படிக்க மட்டும் வந்தவரும் எழுத வேண்டியவராகிறார். அந்த ஓர் எண் ஒரு புரோசசரின் அருகிலிருந்து மற்றொன்றின் அருகுக்கு ஓயாமல் இழுபட, புரோசசர்கள் பெருகப் பெருக வேலையின் வேகம் குறைகிறது. வாசலில் கையெழுத்துப் போடும் புத்தகம் ஒன்றே என்றால் ஆயிரம் பேர் நூலகத்துக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பூட்டே இல்லாமல், கையெழுத்தும் போடாமல், நடப்பவர் பாதுகாப்பாக நடக்க வழி உண்டா? உண்டு. அதைச் சொல்ல இந்த வட்டாரத்தின் பழைய வாழ்க்கையே நமக்கு உதவுகிறது.

செம்பனை வருவதற்கு முன் இங்கே பால்மரத் தோட்டங்கள். விடியுமுன் பெரட்டு; பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அவரவர் நிரைக்குப் போவர். மரம் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, நிறுக்கும் கொட்டகைக்கு வந்து சேர்வர். இடையில் ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஒரு பலகை. அந்தப் பலகையை எடுத்துவிட்டுப் பாதையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். கங்காணி செய்ய வேண்டியது என்ன? முதலில் பாதை பிரியும் இடத்தில் அம்புக்குறியைப் புதுவழிக்குத் திருப்புவார். அதற்குப் பின் வருபவர் யாரும் பலகைப் பக்கம் போகமாட்டார். ஆனால் அம்புக்குறி திரும்புமுன் அதைக் கடந்து போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யார் இப்போது பலகையின் மேல் நிற்கிறார் என்று கங்காணிக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளக் காட்டுக்குள் ஆள் அனுப்பத் தேவையுமில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்தால் போதும். அம்புக்குறி திரும்பிய நேரத்துக்குப் பின், வெளியில் இருந்த ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கொட்டகைக்கு வந்து முகம் காட்டிவிட்டால், பழைய பாதையில் இனி எவரும் இருக்க இயலாது. அதன் பிறகு பலகையை எடுக்கலாம்.

இதன் அழகு யாதெனில், சீவுபவர் எதையும் எழுதவில்லை, எவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் எப்படியும் கொட்டகைக்கு வரத்தான் போகிறார். அந்த வழக்கமான வருகையையே கங்காணி சான்றாகக் கொள்கிறார். கெர்னலில் கொட்டகைக்கு ஒப்பாவது, புரோசசர் ஒரு வேலையை விட்டு மற்றொரு வேலைக்கு மாறும் கணம். நடப்பவர்க்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: நிரையின் நடுவே இருக்கும்போது கொட்டகைக்கு வரக் கூடாது; அதாவது வரிசையில் நடக்கையில் உறங்கவோ வேலை மாறவோ கூடாது. இந்த ஒழுங்கைக் காத்தால், நடையின் தொடக்கத்தையும் முடிவையும் குறிப்பதற்குப் புரோசசர் ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்ற வேண்டியதில்லை. (இடையில் நிறுத்திவைக்கக்கூடிய வகைக் கெர்னல்களில் சிறிது கணக்கு எழுத வேண்டும், அதை இங்கே விரிக்கவில்லை.)

இம்முறைக்கு ஆர்.சி.யூ. என்று பெயர், 'படி, படியெடு, புதுப்பி' என்னும் பொருளுடைய மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். தமிழில் 'படி' என்ற ஒரே சொல் வாசிப்பதையும் நகலையும் குறித்து நிற்பது தற்செயல்தான், கவிஞர்கள் கவனிக்கலாம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சீக்வெண்ட் என்னும் கணினி நிறுவனத்தில் பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் இதை வடித்தனர். 1998இல் அவர்களது கட்டுரை வந்தது. 1999இல் ஐ.பி.எம். அந்நிறுவனத்தை வாங்கிற்று. அதன் பின் லினக்சுக்குள் இதனைக் கொண்டுவரும் பணியில் இந்தியாவின் பங்கு பெரிது. பெங்களூரில் ஐ.பி.எம்.மின் லினக்ஸ் பிரிவில் இருந்த தீபங்கர் சர்மா, மனீஷ் சோனி ஆகியோரின் பெயர்கள் 2001ஆம் ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கக் கட்டுரையில் மெக்கென்னியின் பெயரோடு நிற்கின்றன. 2002 அக்டோபரில் 2.5.43 என்னும் பதிப்பில் ஆர்.சி.யூ. லினக்சில் சேர்ந்தது. கோப்புப் பெயர்களைத் தேடும் நினைவக அட்டவணையில் பூட்டின்றி நடக்கச் செய்ததும் இக்குழுவின் பணியே. இன்று நீங்கள் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்தாலும் அந்த நடை அங்கே நிகழ்கிறது.

இனி மொழிக்கு வருவோம். கங்காணி யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? 'சீவுபவர்களுக்காக' என்றால் விடை தவறு. சீவுபவர் நாள்தோறும் வந்துகொண்டே இருப்பர்; காத்திருப்பு முடிவே அடையாது. 'அம்புக்குறி திரும்பியபோது நடந்துகொண்டிருந்தவர்களுக்காக' என்றால்தான் சரி. 'திரும்பிய பின் நடக்கத் தொடங்கியவர்' கணக்கில் இல்லை. இந்த இரண்டையும் ஆங்கில நூல்கள் தனித் தொடர்களால் விளக்கிச் செல்கின்றன. தமிழில் வினையாலணையும் பெயர் இதைத் தன் உடம்பிலேயே சுமக்கிறது: நடந்தவர், நடக்கிறவர், நடப்பவர், நடந்துகொண்டிருந்தவர், நடக்கவிருப்பவர். செய்பவரைக் குறிக்கும் பெயராகவும் இருந்து காலத்தையும் காட்டுவது இவ்வகைச் சொல்லின் இயல்பு. 'வலம்வரி', 'மறுசெய்கருவி' போன்ற ஆக்கங்களை நாம் ஏற்கத் தயங்குவது இதனால்தான். பெயராக உறைந்த அச்சொற்களில் காலம் இல்லை. காலமே பொருளாக இருக்குமிடத்தில் காலமற்ற சொல்லைக் கொடுத்து மாணவரை அனுப்புவது, அச்சில்லாத வண்டியைக் கொடுப்பது போன்றது.

மற்றொரு குழப்பம் இதைவிடப் பெரியது. 'நீக்குதல்', 'அழித்தல்' என்னும் இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இங்கே அவை இரண்டு செயல்கள்; இடையே ஒரு காத்திருப்பு இருக்கிறது. அம்புக்குறியைத் திருப்புவது நீக்குதல். பலகையை எடுப்பது அழித்தல், அல்லது இடத்தை விடுவித்தல். நீக்கிய பொருள் வரிசையில் இல்லை. ஆனால் உலகில் இருக்கிறது. பழைய நடப்பவர் ஒருவர் இன்னமும் அதன் மேல் நிற்கக்கூடும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும் பாடநூலைக் கொண்டு படித்தவர்க்கு, நடுவே ஏன் காத்திருக்கிறோம் என்பதே விளங்காது. விளங்காதவர் எழுதும் நிரலில் அந்தக் காத்திருப்பு விடுபட்டுப்போகும். கலைச்சொல் வழு நிரல் வழுவாக மாறும் இடம் இது.

நீக்குவதிலும் ஒரு நுட்பம். சாதாரணப் பட்டியலில் ஒரு பொருளை நீக்கும்போது, அதன் முன்சுட்டு, பின்சுட்டு இரண்டிலும் வேண்டுமென்றே கெட்ட மதிப்பை எழுதிவைப்பது லினக்சின் வழக்கம். தவறி யாரேனும் அதைப் பின்பற்றினால் உடனே அகப்படுவதற்காக. ஆர்.சி.யூ. வகைப் பட்டியலில் நீக்கும்போது, பின்னோக்கிக் காட்டும் சுட்டை மட்டுமே கெடுக்கிறார்கள். முன்னோக்கிக் காட்டுவதைத் தொடுவதில்லை. நீக்கிய பொருளின் மேல் நிற்பவர் வரிசைக்குத் திரும்பிச் சேர அதுவே வழி. வெட்டக் குறித்த மரத்திலிருந்தும் அடுத்த மரத்துக்கான குறி அழியாமல் இருக்க வேண்டும். அதனால்தான் இத்தகைய வரிசைகளில் பொதுவாக முன்னோக்கி மட்டுமே நடக்கலாம் என்னும் விதி.

சேர்ப்பதற்கும் ஒழுங்கு உண்டு. புதிய பொருளின் உள்ளடக்கம் முழுவதையும் எழுதிய பிறகே முந்தைய பொருளின் சுட்டை அதன்பால் திருப்ப வேண்டும். வீடு கட்டி முடியுமுன் முகவரி கொடுக்கக் கூடாது. நாம் அவ்வரிசையில் எழுதினாலும், வேகம் கருதிப் புரோசசரோ நிரல் மொழிபெயர்ப்பியோ வரிசையை மாற்றிவிடும். ஆதலின் 'இதற்கு முன்னவை முடிந்த பின்னரே இது' என்று வெளிப்படையாக ஆணையிட வேண்டும். முன்னாள் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆல்பா என்னும் புரோசசரில் எழுதுபவர் ஒழுங்காக இருந்தாலும் போதாது. புதிய சுட்டைப் பார்த்துவிட்டு, அது காட்டும் இடத்தில் பழைய உள்ளடக்கத்தைப் படிக்க அந்தப் புரோசசர் இடங்கொடுத்தது. படிப்பவர் பக்கத்திலும் ஒரு தடுப்பு வேண்டியிருந்தது.

'பூட்டில்லா' என்னும் அடைமொழியைப் பற்றி ஒரு சொல். ஆராய்ச்சியாளர் இதை மிகக் குறுகிய பொருளில் ஆள்கின்றனர். பூட்டு இல்லை என்பதன்று அவர்கள் கருத்து. யாரேனும் ஒருவர் இடையில் உறைந்து நின்றாலும் மற்றவருள் ஒருவராவது முன்னேறிக்கொண்டிருப்பார் என்னும் உறுதியே கருத்து. எல்லாரும் வரையறுத்த அடிகளில் முடிப்பர் என்னும் வலிய உறுதியை மாரிஸ் ஹெர்லிஹி 1991இல் தனியே வரையறுத்தார். ஆர்.சி.யூ.வில் நடப்பவர்க்கு இந்த வலிய உறுதி கிட்டுகிறது. மாற்றுபவர்களோ தங்களுக்குள் பெரும்பாலும் பூட்டையே பயன்படுத்துகிறார்கள். ஆகவே இம்முறையைப் பூட்டில்லாதது என்று சொல்வது நடப்பவர் பக்கம் நின்று பார்க்கையில் மட்டும் மெய்.

இதுவரை சொன்னது குறுகிய நடை. ஒரு மூச்சில் முடிகிற நடை. நடப்பவர் கொட்டகைக்கு வரக் கூடாது என்னும் விதி அங்கே கடினமன்று. நடை நீண்டால்? ஒருவர் நிரையின் நடுவிலேயே நின்றுவிட்டால் பலகைகளை எடுக்க முடியாமல் குவியும், நினைவகம் நிரம்பும். லினக்ஸ் வழக்கமான அமைப்பில் 21 வினாடி பொறுத்துவிட்டு எச்சரிக்கை எழுதத் தொடங்குகிறது. ஆனால் உண்மையிலேயே நீண்ட நடைகள் உண்டு. ஓடும் நிரல்களின் பட்டியலைப் பயனர் கேட்கிறார். கெர்னல் கொஞ்சம் கொடுக்கிறது. அவர் அதைத் திரையில் பார்த்துவிட்டு மீதியைக் கேட்கிறார். இடையில் எவ்வளவு நேரமும் கழியலாம். அதுவரை எல்லாரையும் காக்கவைக்க இயலாது.

இங்கேதான் அனுபவமுள்ளவரும் சறுக்கும் இடம். பொருள் ஒவ்வொன்றிலும் 'என்னை இத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள்' என்னும் எண் இருக்கும். அது சுழியாகும் வரை பொருளை அழிக்க மாட்டார்கள். எனவே நடப்பவர் தாம் நிற்கும் பொருளைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்வரலாமே என்று தோன்றும். பிடிப்பதில் ஒரு கவனம் வேண்டும்: எண் ஏற்கெனவே சுழியாகியிருந்தால் பிடிக்கக் கூடாது, இறந்ததை எழுப்புவதாகும். சுழியா என்று பார்ப்பதும் ஒன்றைக் கூட்டுவதும் பிரிக்கவியலாத ஒரே செயலாக நிகழ வேண்டும். இதையும் செய்துவிட்டார் என்று கொள்வோம். திரும்பி வருகிறார். அவர் பிடித்த பொருள் பத்திரமாக இருக்கிறது. அதிலுள்ள சுட்டைப் பற்றி அடுத்ததற்குப் போகிறார். அங்கே பள்ளம்.

என்ன நடந்தது? அவர் வெளியே இருந்தபோது அவர் பிடித்த பொருளை வரிசையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கிய கணத்தோடு அதன் சுட்டு உறைந்துவிட்டது. பிறகு அதற்கு அடுத்திருந்த பொருளையும் நீக்கி, காத்திருந்து, அழித்துவிட்டார்கள். வரிசையில் உள்ளவற்றின் சுட்டுகளைத் திருத்தினார்கள். வரிசையில் இல்லாத நம்மவரின் பொருளில் உள்ள சுட்டைத் திருத்துவார் யாருமில்லை. பிடிப்பு அந்தப் பொருளைக் காத்தது. அதன் அடுத்ததைக் காக்கவில்லை.

'அடுத்த' என்னும் சொல்லைப் பாருங்கள். நெருங்குதலைக் குறிக்கும் 'அடு' என்னும் வினையடி, தகர இடைநிலை பெற்று வந்த இறந்தகாலப் பெயரெச்சம் அது. அடுத்த வீடு என்றால், இலக்கணப்படி, முன்பே வந்து நெருங்கி நின்ற வீடு. பேச்சில் நாம் இதை வருங்காலத்துக்கும் ஆள்கிறோம். அடுத்த வாரம் என்கிறோம். சொல்லின் உறுப்புகளோ இறந்தகாலத்தையே காட்டுகின்றன. நீக்கிய பொருளில் உறைந்து நிற்கும் சுட்டு சொல்லுக்குச் சொல் 'அடுத்தது'தான்: முன்பு அடுத்திருந்தது. இப்போது எது பின்வருகிறது என்று அதனிடம் கேட்டால் அதற்குத் தெரியாது.

கெர்னல் எழுதுவோர் இதற்கு இரண்டு வழிகளைக் கண்டனர். ஒன்று, இடத்தை நினைவில் வைக்காமல் எண்ணை நினைவில் வைப்பது. ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 42ஆம் நிரல் வரை கொடுத்தாயிற்று என்றால், திரும்பி வந்ததும் '42ஐவிடப் பெரிய எண்களில் மிகச் சிறியது எது' என்று இன்றைய அட்டவணையில் தேடுவது. 42 உயிரோடிருக்க வேண்டும் என்பதில்லை. நிரல்களின் பட்டியலை லினக்ஸ் இவ்வாறுதான் பயனர்க்குக் கொடுக்கிறது. நடை தொடங்கியது முதல் முடியும் வரை இருந்த நிரல் எதுவும் விடுபடாது, இருமுறையும் வாராது. இடையில் பிறந்தது வரலாம், வராமலும் போகலாம். வரிசையில் ஏறுமுக எண் இருந்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது எம் துணிபு.

எண் இல்லாத வரிசைகளுக்கு மற்றொரு வழி. சாதனங்களின் பட்டியலுக்காக 2005இல் லினக்சில் சேர்ந்த ஒரு பட்டியல் வகையில், ஒரு பொருளின் மேல் நடப்பவர் ஒருவர் நிற்கும் வரை அதை வரிசையிலிருந்து எடுப்பதே இல்லை. 'இறந்தது' என்று குறியிட்டு அங்கேயே விட்டுவைப்பர். மற்றவர் அதைத் தாண்டிச் செல்வர். நிற்பவர் அடியெடுத்து வைத்த பிறகே அது எடுக்கப்படும். வரிசையில் இருப்பதால் அதன் சுட்டு திருத்தப்பட்டுக்கொண்டே வருகிறது. பாதுகாப்பானது, ஆனால் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் பூட்டைப் பிடிக்கிறது. நடப்பவர் ஒருவர் திரும்பி வாராமலே போனால் பிணம் வரிசையிலேயே கிடக்கும்.

நீக்கலைவிடத் தொல்லை தருவது இடமாற்றம். ஒரு கோப்பின் பெயரை மாற்றினால், பெயர் அட்டவணையில் அது ஒரு சங்கிலியிலிருந்து வேறொரு சங்கிலிக்குப் போகிறது. அந்தக் கணத்தில் அதன் மேல் நின்றவர் தாமறியாமல் வேறொரு சங்கிலியில் நடக்கத் தொடங்குவார். தாம் தேடியது தம் பழைய சங்கிலியில் மீந்திருக்க, 'இல்லை' என்று விடை கொண்டுவருவார். பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகும் பழைய பெயரைச் சொன்னால் வழி காட்ட இங்கே ஆள் உண்டு. கெர்னலில் அப்படி யாரும் இல்லை. அங்கே செய்வது இது: பெயர்மாற்றம் நிகழும்போதெல்லாம் ஒரு பொது எண் மாறும். நடப்பவர் தொடங்குமுன் அதைக் குறித்துக்கொள்வார். தேடியது கிடைத்துவிட்டால் எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் மட்டும் எண் மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் மறுபடி நடப்பார். 'இல்லை' என்பது தமிழில் காலங்காட்டாத குறிப்பு வினை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை, நாளையும் இல்லை. அந்தச் சொல்லுக்குக் கெர்னல் ஒரு காலக்குறியைச் சேர்த்துக்கொள்கிறது. 'உண்டு' என்பதும் அத்தகைய குறிப்பு வினையே; ஆயினும் பொருளே கையில் இருக்கும்போது வேறு சான்று வேண்டியதில்லை.

இணையத் தொடர்புகளின் அட்டவணைக்கு 2008இல் எரிக் டுமாசே கொண்டுவந்த வழி எமக்கு மிகவும் பிடித்தது. சங்கிலியின் இறுதியில் வெறுமை என்னும் ஒரே குறியை வைக்காமல், 'இது இத்தனையாவது சங்கிலியின் முடிவு' என்று எண்ணோடு முடிப்பார். ஏழாம் சங்கிலியில் தொடங்கியவர் ஒன்பதின் முடிவில் வந்து நின்றால், இடையில் எங்கோ வழி மாறியது என்று அவர்க்கே தெரியும். திரும்பத் தொடங்குவார். எங்கே மாறினோம் என்று ஆராய வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தாலும் நடப்பவர் கொண்டுவரும் பட்டியல் ஒரு கணத்தின் நிழற்படம் ஆகாது. அவர் வரிசையின் நடுவில் இருக்கையில் தலைப்பக்கம் ஒன்று சேர்கிறது, பிறகு கடைசியில் ஒன்று சேர்கிறது. பின்னதை அவர் காண்பார், முன்னதைக் காணார். எந்தக் கணத்திலும் அப்படி ஒரு வரிசை இருந்ததில்லை. கெர்னலின் பெரும்பாலான தேவைகளுக்கு இது குறையன்று. குறையாகும் இடங்களுக்கு, பூட்டின்றியே ஒரு கணத்தின் உண்மையான நிழற்படத்தைத் தரும் நடையை இஸ்ரேலின் டெக்னியன் பல்கலைக்கழகத்து எரெஸ் பெட்ராங்கும் ஷஹார் டிம்நாட்டும் 2013இல் வடித்துக் காட்டினர். அதில் மாற்றுபவர்கள் நடப்பவர்க்குத் தங்கள் மாற்றங்களை அறிவித்துச் செல்ல வேண்டும். விலை உண்டு.

இந்நாட்டில் கலைச்சொல் என்றால் மலாய்மொழியின் பட்டறிவைக் கவனியாமல் இருக்க முடியாது. 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் கூட்டு மொழி மன்றம் அமைத்தன. 1985இல் புருணை சேர்ந்தது. அறிவியல் சொற்களை ஒழுங்குபடுத்தியதில் அவர்களது உழைப்பு பெரிது. மலாய் வினை காலத்துக்காகத் திரிவதில்லை. சூடா, செடாங், ஆக்கான் என்னும் தனிச்சொற்கள் அவ்வேலையைச் செய்கின்றன. நம் மாணவர் உயர்நிலைப்பள்ளியில் அம்மொழியில் கணினியைப் படித்துப் பின் ஆங்கிலத்துக்குப் போகிறார். தமிழில் இப்பொருளை அவர் கேட்பது இத்தகைய அவைகளில் மட்டுமாக இருக்கக்கூடும். அப்படிக் கேட்கும் ஒரு முறையாவது சொல் அவர்க்கு உதவியாக இருக்க வேண்டும்.

ஆகவே மன்றத்தின் சொற்குழு முன் வைப்பவை சில. வரிசையிலிருந்து எடுப்பதற்கு 'நீக்கு', நினைவகத்தைத் திருப்பித் தருவதற்கு 'விடுவி'. இரண்டையும் ஒருபோதும் மாற்றி எழுதாதிருத்தல். இடையிலுள்ள காத்திருப்புக்குக் 'கருணைக் காலம்' என்று நேர்பெயர்ப்பாக வேண்டா. 'பொறுத்திருக்கும் காலம்' போதும். இட்டரேட்டர்க்கு 'நடப்பவர்', திணை கருதித் தயங்குவோர் 'நடப்பது' என்று கொள்ளட்டும், காலம் காட்டும் வினையாக இருக்கும் வரை எமக்கு மறுப்பில்லை. பொருளினுள் உறைந்துள்ள சுட்டுக்கு 'அடுத்தது'. எண்ணைக் கொண்டு இப்போது தேடிக் காண்பதற்குப் 'பின்வருவது'. இது எதிர்கால வடிவம், தேடும் கணம் வரை முடிவாகாதது. கடைசி இரண்டையும் பற்றிச் சொற்குழுவில் கருத்து வேறுபாடு இருப்பதை அறிவோம். தேநீருக்குப் பின் கலந்துரையாடலில் அதிலிருந்தே தொடங்கலாம்.